புதுசா, பேலா, வாடகையா? மலையகத்து உடுப்புக்கு ஒரு கணக்கு

மலையகத்தில் உடுப்புப் பேச்சு எடுத்தால் இரண்டு கட்சி ஆகிவிடும். ஒரு கட்சி, "அடுத்தவன் போட்டுக் கழித்ததை நாம் ஏன் போட வேண்டும், அவ்வளவுக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்கும். மற்றக் கட்சி, மூட்டையாக வரும் பழைய உடுப்பும் தொழிற்சாலை மிச்சமும் குவித்து விற்கும் நுவரெலியா பேல் பஜாரில் அள்ளிக்கொண்டு வந்த ஜாக்கெட்டைக் காட்டி, "புடவைக்கடையில் இதே சாமான் என்ன விலை தெரியுமா?" என்று பெருமையடிக்கும். சொந்தத்துக்குள் கை மாறும் உடுப்பு எப்போதும் இருந்ததுதான். இப்போது டவுன் பக்கம் வாடகைக் கடைகளும் வந்துவிட்டன. மாப்பிள்ளைக் கோட்டும் மணப்பெண் உடுப்பும் ஒரு நாளைக்கு எடுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆக வழி நாலு: புதிது, பேல், கைமாற்று, வாடகை. இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. என்ன உடுப்பு, எத்தனை தடவை போடப்போகிறோம், காசு கையில் இருக்கிறதா அல்லது கடனா என்று கேட்டால் பதில் வரும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிருக்கும் மழைக்கும் போடுவதைப் பேலில் எடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கானதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் விசேஷத்துக்கு வாடகை போதும். மிச்சமிருப்பதைப் புதிதாக வாங்குங்கள், ஆனால் கைக்காசுக்கு. தவணைக்கு எதையுமே வேண்டாம். ஏன் இந்த முடிவு என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்லப்போகிறேன்.

புதுசின் விலை எங்கே ஏறுகிறது

விலையை ரூபாயில் எழுதினால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எந்த எழுத்தும் ஆறு மாதம் தாங்குவதில்லை. அதனால் நாட்கூலியில் அளப்போம். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாயானது. 2024 செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 என்று அறிவித்தார்கள். எந்தத் தொகையை வைத்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த உடுப்பு எத்தனை நாள் மலையேறி இறங்கியதற்குச் சமம்?

ஒரு கணக்குக்கு, நல்ல கனமான புது ஜாக்கெட் ஆறு நாள் கூலி என்று வையுங்கள். கடையில் காசு கொடுத்து எடுத்தால் ஆறு நாள். அதையே சம்பள நாளில் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும் வியாபாரியிடம் தவணைக்கு எடுத்தால் ஏழு நாளோ எட்டு நாளோ ஆகும். அவர் கொப்பியில் பெயரை எழுதிக்கொண்டு போகிறார், மாதம் பத்தாம் தேதி வாக்கில் சம்பளம் போட்டதும் வந்து நிற்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. டவுனுக்குப் போக நேரமில்லாத வீட்டுக்குச் சாமானைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவர் அவர். ஆனால் கடனில் எடுக்கிறவருக்குப் பேரம் பேச வாயிருக்காது. துணியை விரித்துப் பார்த்துக் குறை சொல்லவும் கூச்சமாக இருக்கும். போன மாதத்துப் பாக்கி கொப்பியில் இருக்கிறதே.

குளிருக்கு உடுப்பும் கடனும் இந்த மலைக்குச் சேர்ந்தேதான் வந்தன. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் காலத்தில் கம்பளியைக் கையில் கொடுத்துவிட்டு அதன் விலையைத் தொழிலாளியின் கணக்கில் பற்று எழுதினார்கள். ஒரு கம்பளிக்கு எத்தனை மாதம் உழைத்துக் கழித்தார்களோ! இன்றைக்குத் தோட்டம் தரும் தீபாவளி முற்பணம் அதைவிட எவ்வளவோ கௌரவமான ஏற்பாடுதான். என்றாலும் அடுத்தடுத்த மாதச் சம்பளத்தில் வெட்டு விழும்போது தீபாவளிச் சட்டை ஏற்கெனவே அலமாரிக்குள் போயிருக்கும்.

தீபாவளிக்குப் புதுசு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. துணி மூலையில் மஞ்சள் வைத்துச் சாமிக்கு முன்னால் அடுக்கிய புது உடுப்பைப் பிள்ளைகள் விடிய நாலு மணிக்கு எழுந்து போட்டுக்கொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது அந்த முற்பணத்தோடு சேர்ந்து ஓடும் மற்றவற்றை. "எப்படியும் டவுனுக்கு வந்தாச்சு" என்று அதே கையோடு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, அப்பாவுக்கு ஜெர்கின் என்று புதிதாக எடுப்பது இருக்கிறதே, அங்கேதான் காசு கரைகிறது. விசேஷத்துக்கான உடுப்பைப் புதிதாக எடுங்கள். குளிருக்கான உடுப்புக்குச் சாமி மஞ்சள் கேட்பதில்லை.

பேல்: பொறுமை இருப்பவருக்கு

பேல் என்ற பெயரில் குவிந்து கிடப்பது ஒரே சாமான் அல்ல. இது தெரியாமல் போனால்தான் ஏமாற்றம். மூன்று வகை கலந்து கிடக்கும்.

முதல் வகை, யாரும் போடாதது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கி, 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்ததிலிருந்து வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு ஜாக்கெட்டும் சட்டையும் தைப்பது இந்த நாட்டின் பெரிய தொழில். ஓடரில் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள், பழுது போனால் ஈடு கட்ட. மிஞ்சியதும், ஓடர் ரத்தானதும் உள்ளூருக்கு வரும். கம்பனி லேபிளைக் கத்தரித்தோ கோடு கிழித்தோ விட்டிருப்பார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் கட்டுநாயக்கவில் போய் நின்று தைத்த உடுப்பு சுற்றிச் சுற்றி நுவரெலியாவில் குவியலாக வந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் என்னவோ போலவும் இருக்கும்.

இரண்டாவது, தொழிற்சாலையில் கழித்தது. ஒரு கை நிறம் ஒரு சாயலில், மறு கை இன்னொரு சாயலில் இருக்கும். தையல் ஓரிடத்தில் தாவியிருக்கும். லேபிளில் மீடியம் என்றிருக்கும், போட்டால் லார்ஜ். குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் இது நல்ல பேரம். கண்டுபிடிக்காமல் எடுத்தால், மழை நாளில் அது தானே வெளியே வரும்.

மூன்றாவதுதான் உண்மையான பழசு: வெளிநாட்டில் போட்டுக் கழித்து, அழுத்திக் கட்டி, மூட்டையாகக் கப்பலேறி வந்தது. குளிர் நாட்டுக்காரர் குளிருக்கென்றே தைத்த சாமான் இதில்தான் அகப்படும். நம் ஊர்ப் புடவைக்கடையில் புதிதாகக் கிடைக்கும் ஸ்வெட்டர் பெரும்பாலும் பார்வைக்குத்தான் ஸ்வெட்டர். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் ஊர். அங்கே அந்த மெல்லிசு எதற்கு உதவும்?

அப்புறம், ஜாக்கெட்டை எப்படிப் பார்ப்பது. வெளிப்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள், உடனே உள்பக்கத்தைத் திருப்புங்கள். மழை ஜாக்கெட்டின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஒன்று இருக்கும், பெரும்பாலும் பொலியூரித்தேன். வயது போகப் போக, அதுவும் ஈரத்தில் கிடந்தால், அது பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும். தோள்பட்டையின் உள்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் மாவு போல் ஒட்டினாலோ துணி விரலைப் பிடித்து இழுத்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்; அதற்கு வைத்தியம் கிடையாது. அடுத்தது தையலின் மேல் ஒட்டியிருக்கும் பட்டி. கழுத்துக்குக் கீழே, கைக்குழியில் அது உரிந்து சுருண்டிருந்தால் மழை உள்ளே வரும் வழி அதுதான். கடைக்காரர் பார்க்காத நேரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீரை வெளிப்பக்கத்தில் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. சொட்டு முத்தாக உருண்டால் நல்லது. உடனே ஊறினாலும் ஜாக்கெட்டைக் கழிக்க வேண்டியதில்லை, வெளிப்பூச்சு தேய்ந்திருக்கிறது என்று விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

சிப்பை மேலும் கீழும் மூன்று நாலு தடவை இழுங்கள். தலை தேய்ந்திருந்தால் தையல்காரர் மாற்றிவிடுவார், செலவு பெரிதில்லை. பல் போயிருந்தால் முழுச் சிப்பையும் பிரித்துத் தைக்க வேண்டும். கூலியையும் சேர்த்தால் மலிவு போய்விடும். இடுப்பு, மணிக்கட்டு இலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் பொடிந்துவிட்டது. கம்பளி நூல் ஸ்வெட்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், பூச்சி அரித்த ஓட்டை அப்போதுதான் தெரியும். யாரோ சுடுதண்ணீரில் போட்டுச் சுருங்க வைத்த கம்பளி அட்டை மாதிரி விறைத்திருக்கும். எவ்வளவு மலிவானாலும் அது யாருக்கும் பொருந்தாது.

எதை எடுப்பது என்பதில் இன்னொன்று. மே மாதம் தென்மேல் மழை பிடித்தால் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு இந்தக் கஷ்டம் டிசம்பருக்கு மேல், வடகீழ் மழையோடு வரும். பருத்தியில் தைத்த தடித்த தொப்பிச் சட்டை கையில் எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒருமுறை நனைந்தால் அடுப்புக்கு மேலே தொங்கப்போட்டு, புகை மணத்தோடு போட்டுக்கொண்டு போக வேண்டும். பொலியெஸ்டர் ஃபிளீஸ் பிழிந்து உதறினாலே பாதி காய்ந்துவிடும். பறவைத் தூவி அடைத்த ஜாக்கெட் பார்க்க உப்பலாக, இலேசாக இருக்கும். ஆனால் அது உலர்ந்த குளிருக்கு ஏற்றது. நம் மூடுபனியில் ஈரம் ஏறித் தூவி உருண்டையாகக் கட்டிப்போகும், சூடும் போய்விடும். உள்ளே பொலியெஸ்டர் பஞ்சு அடைத்ததுதான் இங்கே சரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஃபிளீஸைப் போட்டுக்கொண்டு விறகடுப்பில் குனியாதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சமையலுக்குப் பழைய பருத்திச் சட்டை, கம்பளி நூல் ஸ்வெட்டர்.

அளவு விஷயத்தில் ஒரு தந்திரமும் சொல்கிறேன். ஐரோப்பிய ஆண்களின் ஜாக்கெட் நம்மவருக்குக் கை நீளம். பெரியவர்கள் குவியலை விட்டுவிட்டுச் சிறுவர் குவியலுக்குப் போங்கள். அந்த ஊரில் பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது நம் பெண்களுக்கு அளவெடுத்தாற்போல் இருக்கும், விலையும் குறைவு.

மலை வேலைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், பழசுதான். தேயிலைக் கொழுந்துக் கறை பிடித்த துணி எந்தச் சவுக்காரத்துக்கும் முழுதாக வெளுக்காது. இடுப்பில் கட்டும் படங்குக்கு உள்ளேயும் கூடைக்கயிற்றுக்கு அடியிலும் தேயப்போகும் உடுப்புக்குப் புதுக்காசைக் கொட்டுவது வீண். நீளத் தொங்கும் ஜாக்கெட்டாக மட்டும் இருக்கக் கூடாது, செடியில் மாட்டும்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் நேரே அலமாரியில் வைக்க வேண்டாம். பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு கிழமை வெளியே வையுங்கள். சொறிக் கிருமி ஆளின் உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இராது. மூட்டைப்பூச்சி அப்படி அல்ல, பல மாதம் தின்னாமல் கிடக்கும். அதற்குச் சூடுதான் வேண்டும். பருத்தியைக் கொதிநீரில் ஊறப்போடலாம், 60 பாகைச் சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும். ஜாக்கெட்டைக் கொதிநீரில் போட்டால் பூச்சு கழன்றுவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, தையல் மடிப்புகளில் மெல்லிய துணி விரித்து அளவான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டுங்கள். பேல் மணம் போகவில்லையா? கடைசி அலசலில் அரைக் கோப்பை விநாகிரி. வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துக் கழுவுவது உங்கள் சாமர்த்தியம்.

இதையெல்லாம் பார்க்கப் பொறுமையில்லாதவருக்கு, ஒரு மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியவருக்கு, பேல் ஒத்து வராது. அவசரத்தில் எடுத்த மூன்று மலிவு ஜாக்கெட்டை விட நிதானமாக எடுத்த புது ஜாக்கெட் ஒன்று மேல். ஃபோனில் படம் பார்த்துப் பழசை வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. படத்தில் மணம் தெரியாது, பூச்சைத் தேய்த்துப் பார்க்கவும் முடியாது. அத்தோடு, லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாததால் பார்சல்காரர் சந்தியில் நின்று ஃபோன் அடிப்பார். வேலையை விட்டுவிட்டு இறங்கிப் போய் வாங்கினால், அந்த அரை நாளும் விலையில்தான் சேரும்.

கைமாற்று: காசில்லை, கூச்சம் உண்டு

பிறந்த குழந்தைக்கு முதலில் போடுவது பழைய சட்டை. நன்றாக உழைத்த, பலமுறை துவைத்த பருத்தி. புதுத்துணி பிஞ்சுத் தோலை உறுத்தும் என்பது பாட்டிமார் கணக்கு. நன்றாக வளர்ந்த பிள்ளையின் சட்டையாகப் பார்த்துக் கேட்டு வாங்குவார்கள். ஏணை கட்டவும் பழைய நூல் சாரிதான், நைலெக்ஸ் வழுக்கும். ஆக, பழைய துணி ஆகாது என்கிற வீட்டிலும் வாழ்க்கை பழைய துணியில்தான் தொடங்குகிறது. ஆகாதது இறந்தவரின் உடுப்பு ஒன்றுதான். அதைப் பற்றி யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

பிள்ளைகளின் உடுப்பில் கைமாற்றை வெல்ல வேறு வழியே இல்லை. ஒரு வயதுப் பிள்ளையின் ஸ்வெட்டர் தேயும் முன் சின்னதாகிவிடும். ஒவ்வொரு லயத்திலும் இப்படிச் சின்னதாகிப்போன உடுப்பு ஒரு சாக்கில் கிடக்கும். தாய்மார் எல்லோரும் காலையிலும் மாலையிலும் வந்து போகும் இடம் பிள்ளைக்காம்பரா, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப் போகும் தோட்டத்துக் காப்பகம். அங்கே மூலையில் ஒரு பெட்டி வைத்து, ஒன்று போட்டால் ஒன்று எடுக்கலாம் என்று ஆயம்மாவோடு பேசி வைத்துக்கொண்டால் போதும்; கூட்டம் போடவோ தலைவரைத் தேர்ந்தெடுக்கவோ வேண்டாம். துவைத்து, பொத்தான் தைத்துத்தான் போட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். கிழிந்ததைப் போடுவது கொடுப்பதாகாது, குப்பையை அடுத்த வீட்டுக்குத் தள்ளுவது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையையே புரட்டிப்போட்டபோது முகாம்களுக்கு மூட்டை மூட்டையாக உடுப்பு வந்தது. நல்ல மனசோடு, மடித்து, அளவு எழுதி அனுப்பியவர்களும் உண்டு; வீட்டைத் துப்புரவாக்கிய கையோடு அனுப்பியவர்களும் உண்டு. வாங்கிப் பிரிக்கிறவருக்கு முதல் மூட்டையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கைமாற்றில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பேலில் எடுத்த சட்டையை முன்னால் போட்டவர் எங்கேயோ நோர்வேயில் இருப்பார், நம் பிள்ளையைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்து லயத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், "ஐ, அது என்ட பழைய சட்டை!" என்று வகுப்பிலேயே ஒரு குரல் வரும். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிள்ளை அந்தச் சட்டையைத் தொடவே தொடாது. நான் படிப்பிக்கிற பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஆறு, ஏழு வயது வரைக்கும் பிரச்சினையில்லை. அதற்கு மேல் என்றால் தோட்டத்தின் ஒரே பிரிவுக்குள், ஒரே டிவிஷனுக்குள், மாற்றாமல் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் இடையில் மாற்றுங்கள், அல்லது வேறு தோட்டத்துச் சொந்தத்தோடு. பொத்தானை மாற்றி, பையில் ஒரு பூ தைத்து, நிறம் மங்கியதைச் சாயத்தில் முக்கி எடுத்தால் பழைய சொந்தக்காரிக்கே அடையாளம் தெரியாது.

பாடசாலைச் சீருடைக்கு இந்தக் கவலை இல்லை, எல்லாம் ஒரே வெள்ளைதான். துணி அரசாங்கம் தருகிறது; 2025க்கான முழுத் துணியையும் சீனா நன்கொடையாகக் கொடுத்தது. தையல்கூலிதான் பெற்றோர் தலையில். மூத்தவளின் சீருடையை மடிப்புப் பிரித்து இளையவளுக்கு விடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒரே ஒரு பிள்ளை உள்ள வீடும் பக்கத்து வீட்டோடு இதைச் செய்தால் கூலி பாதியாகும். பழுப்பேறிய வெள்ளைக்கு நீலம் போட்டு அலசினால் போதும்.

பெரியவர்களுக்குள் கைமாற்று நன்றாக ஓடுவது எங்கள் ஆசிரியர் அறையில். அரசாங்கப் பாடசாலையில் பெண் ஆசிரியர் என்றால் சாரி. 2022 நவம்பரில் சிலர் வேறு உடுப்பில் வந்தபோது நாடே விவாதித்தது, கல்வி அமைச்சு சாரியில்தான் நின்றது. கிழமைக்கு ஐந்து நாள் சாரி, மலை ஏறி, சேற்றில் இறங்கி, அதே முகங்களுக்கு முன்னால். ஒரு பாடசாலைத் தவணைக்கு ஆளுக்கு நாலு சாரி மாற்றிக்கொள்வது என்று நாங்கள் பேசி வைத்தபிறகு யாரும் சாரி வாங்க அவசரப்படுவதில்லை. கறை பட்டால் கட்டியவர் பொறுப்பு, கிழிந்தால் கிழித்தவர் பொறுப்பு, பட்டு இதில் சேராது, அம்மா கொடுத்த சாரியும் சேராது. சட்டங்கள் இவ்வளவுதான். பிளவுஸ் அவரவருடையது. கறுப்பு, பழுப்பு, மரூன் மூன்றிலும் ஒவ்வொரு பிளவுஸ் இருந்தால் எந்தச் சாரிக்கும் பொருந்திப்போகும்.

வாடகை: ஒரு நாளுக்குச் சரி

வாடகைக் கணக்கு சுலபம். முப்பதாயிரம் ரூபாய்க் கோட் சூட்டை ஆறாயிரத்துக்கு வாடகைக்குத் தருகிறார்கள் என்று வைப்போம். ஐந்து தடவைக்கு மேல் போடுவீர்கள் என்றால் வாங்குங்கள். மாப்பிள்ளை ரிசப்ஷனுக்கு ஒரு தடவை போட்டபின் அந்தக் கோட்டு லயத்து அலமாரியில் தொங்கிப் பூசணம் பூக்கும் என்றால், வாடகைதான். நம் ஈரக் காற்றில் கோட்டைப் பாதுகாப்பது தனி வேலை. பெண்ணுக்கு ரிசப்ஷன் லெஹங்காவும் கல் வைத்த செட் நகையும் அப்படியே. கூறை மட்டும் வாடகையில் சேராது, சேர்க்கவும் கூடாது. அது அவளுடையதாக இருக்க வேண்டிய ஒன்று.

கடையில் கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேளுங்கள். முற்பணம் எவ்வளவு, சந்தனமும் குங்குமமும் பட்டால் எவ்வளவு கழிப்பார்கள், உள்மடிப்புப் பிரித்து அளவு சரிசெய்து தருவார்களா. முக்கியமாக, திருப்பிக் கொடுக்கும் நாள். மழைக்காலத்துக் கல்யாணம் என்றால் மண் சரிந்து வீதி மூடினால் தாமதக் காசு உண்டா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும்போதே கறை, கிழிசல் இருக்கும் இடங்களைக் கடைக்காரர் முன்னாலேயே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். இது சண்டைக்கு அல்ல, சண்டை வராமலிருக்க.

பள்ளிக்கூடக் கலைவிழா பரத உடுப்பும் வாடகைக்கு உரியதுதான். ஒரு வருடம் போட்டது அடுத்த வருடம் அளவு காணாது. கூத்துக்காரர்கள் இதை என்றைக்கோ தீர்த்துவிட்டார்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆடும் தோட்டங்களில் கிரீடமும் உடுப்பும் தனியாள் சொத்தல்ல, கோயில் பெட்டியில் பூட்டி வைத்து வருடா வருடம் எடுப்பார்கள். அதே யோசனையில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு கோட் சூட்டைக் கோயில் சபையே வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்கு விட்டால் என்ன என்று எனக்கு நீண்டநாள் ஆசை. ஆண்களின் அளவுதான் இடிக்கிறது.

சிவனொளிபாத மலைக்கு ஒரு ராத்திரி ஏறுவதற்கென்று ஜாக்கெட் வாங்குகிறவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை பருவம்; 2243 மீற்றர் உச்சியில் விடியற்காற்று எலும்பைத் தொடும். இருந்தாலும் ஒரு ராத்திரிதானே. இரவல் வாங்குங்கள், கழுவிக் கொடுங்கள்.

புதுசாகவே வாங்க வேண்டியவை

உள்ளாடை, காலுறை, நீச்சலுடை, குழந்தைக்கான கையுறை. இவற்றில் விவாதமில்லை. சப்பாத்தும் புதிதாகத்தான்: பழைய சப்பாத்து முன்னால் போட்டவரின் காலுக்கு வளைந்திருக்கும். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த சப்பாத்தின் அடி, பார்க்கப் புதிது போலிருந்தாலும், நாலு நாள் நடந்ததும் துண்டாகக் கழன்று வரும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை உடுப்பில் சேர்க்கலாமோ என்னவோ, அதுவும் பழசு வேண்டாம். விழுந்து அடிபட்டதா என்று வெளியே தெரியாது. வேலை நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டையும் புதிதாக எடுத்துக் கொடுங்கள். பேலிலும் நல்ல சட்டை கிடைக்கும்தான். ஆனால் அந்தப் பிள்ளை எத்தனையோ வருடம் மற்றவரின் உடுப்பைப் போட்டு வளர்ந்திருக்கும்.

சுற்றுச்சூழல் காரணத்தையும் சொல்லச் சொல்வார்கள். ஒரு பருத்தி டீ சேர்ட்டுக்கு 2700 லீட்டர் தண்ணீர் போகிறது என்று உலக வனவிலங்கு நிதியத்தின் கணக்கு. உண்மைதான், ஆனால் தோட்டத்தில் அந்தக் காரணத்துக்காக யாரும் பழசு போட்டதில்லை, போட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். கொழும்பில் இப்போது அது நாகரிகமாகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டு பேர் வேலைக்குப் போகிற, ஐந்து வயதுக்குக் குறைந்த இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு லயத்து வீடு. பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மட்டும் புதிது, மற்றதெல்லாம் பிள்ளைக்காம்பராப் பெட்டி. பெரியவர்களுக்கு இரண்டு ஃபிளீஸ், இரண்டு மழை ஜாக்கெட், பேலில். இது முழுதும் சேர்ந்தாலும் புது ஜாக்கெட் இரண்டின் விலைக்குக் கீழேதான் நிற்கும், கொப்பியில் பெயரும் ஏறாது. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு நிலைமை தலைகீழ். அங்கே குளிருடுப்பு வேண்டாம், மெல்லிய பருத்திதான் வேண்டும். பேல் குவியலில் அது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நைந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாலு புதுச் சட்டையும், ஊருக்கு வரும்போது போட வீட்டில் ஒரு பழைய ஜாக்கெட்டும். கல்யாணம் வைத்திருக்கும் வீடு வாடகைக் கடைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே போய்த் தேதி பிடிக்க வேண்டும். ஆவணியிலும் தையிலும் நல்ல உடுப்பு முதலில் போய்விடும்.

பேல் பஜாருக்குப் போகிறவர்கள் ஏப்ரலில் போகாதீர்கள். வசந்தகாலத்துக்குக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் கேட்ட விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நம் பேரம் யார் காதிலும் ஏறாது. அந்தக் கூட்டம் கலைந்தபிறகு, கிழமை நாளில், காலையில், மெல்லிய சட்டையோடு போங்கள். அப்போதுதான் போட்டுப் பார்க்க முடியும். கையில் எண்ணிய காசு, கூட வர அவசரப்படுத்தாத ஒரு ஆள். மழை ஜாக்கெட்டை மே பிறக்கும் முன் எடுத்துவிடுங்கள். முதல் மழை விழுந்த அன்றைக்கு விலையும் நனைந்து கனத்துப்போகும்.